நாலாவது பெயர்

சுமலதாவின் கையில் குளவி சாகாது. ஆராய்ச்சி நிலையத்தின் அந்த மாடியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர், வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஆறு பேர். அத்தனை பேருக்கும் வாய்க்காத கை, பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பதினாலு வருஷமாக டெக்னீஷியன் வேலை பார்க்கிற அவளுக்கு வாய்த்திருந்தது. இதை எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். பட்டம் வாங்கியவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வதென்றால் அது சின்ன விஷயம் இல்லை.

குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டி, கிட்டே போனால் கொட்டுகிற அந்தப் பெரிய ஜாதியை நினைக்கக்கூடாது. இது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மனுஷர்களை ஒன்றும் செய்யாது. தென்னை ஓலையைத் தின்கிற கருந்தலைப் புழுவைத் தேடிப் போய்க் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சுகள் அந்தப் புழுவையே தின்று வளரும். தோப்புக்காரருக்குச் சோறுகூடப் போடவேண்டாத வேலையாள். ஆனால் பக்கத்துத் தோப்பில் மருந்தடித்தால் முதலில் செத்து விழுவது புழு இல்லை, இந்தக் குளவிதான். மருந்தைத் தாங்குகிற ஒரு ஜீனை இதன் உடம்பில் ஏற்ற முடியுமா என்று டாக்டர் வெங்கட்ரமணன் பதினோரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

மற்றப் பூச்சிகளுக்கு முட்டையில் ஊசி போடுவார்கள். இதன் முட்டை ஊசி பட்டால் உடைந்துபோகும். அதனால் தாய்க்குப் போடுவது என்று ஆயிற்று. பெண் குளவியை ஐஸ் தட்டில் வைத்து அசையாமல் பண்ணி, மைக்ராஸ்கோப்பின் கீழே மல்லாத்தி, வயிற்றில் முட்டைகள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் டி.என்.ஏ. கரைசலை ஏற்றவேண்டும். ஆயிரம் முட்டையில் ஒன்றிரண்டாவது அதை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்கிற நப்பாசைதான்.

ஊசி போடுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. போட்ட பிறகு அந்தக் குளவியை எடுத்து டியூபில் விடுவதில்தான் இருந்தது. இடுக்கியால் எடுத்தால் கால் ஒடியும். ஈர பிரஷ்ஷால் எடுத்தால் இறக்கை நனைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாகும். மற்றவர்கள் கையில் பத்துக்கு எட்டு போய்விடும். சுமலதா என்ன செய்வாள் என்றால், பிரஷ்ஷின் நுனியைத் தேனில் ஒரு பொட்டு தொட்டுக்கொள்வாள். அந்தப் பசையில் குளவியின் வயிறு மெல்ல ஒட்டிக்கொண்டு வரும். டியூபுக்குள் அதை இறக்கிவிட்டு, பிரஷ்ஷை மறுபடி தேனில் தொட்டு, டியூபின் சுவரில் ஒரு கோடு இழுப்பாள். மயக்கம் தெளிந்து எழுந்திருக்கிற குளவிக்கு மூஞ்சிக்கு எதிரிலேயே காலை டிபன். பத்தில் ஏழு பிழைத்துவிடும்.

தேனும் அவளுடையதுதான். ஸ்டோரில் கொடுக்கிற தேனை அவள் நம்பமாட்டாள், வெல்லப்பாகு என்பாள். ஜனவரியில் நாம்பள்ளி எக்ஸிபிஷனில் ஆதிலாபாத்காரர் ஒருவர் கடை போடுவார். அவரிடம் ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்து வருஷம் பூராவும் வைத்துக்கொள்வாள். "சுமலதா எப்படிப் பண்றான்னு போய்ப் பார்த்துக் கத்துக்கோங்கோ" என்று வெங்கட்ரமணன் புதுசாகச் சேருகிற ஒவ்வொருவரையும் அவளிடம் அனுப்புவார். வருவார்கள், பார்ப்பார்கள், அவர்கள் கையில் வராது.

ஆறு மாசத்துக்கு முன் அதிசயம் நடந்தது. ஊசி போட்ட குளவிகளின் பிள்ளைகளில் அந்த ஜீன் தெரிந்தது. பேரப்பிள்ளைகளிலும் தெரிந்தது. ஐந்து தலைமுறை வரைக்கும் தெரிந்தது. அது உடம்புக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அடுத்த ஆராய்ச்சிப் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதை எழுதி ஜர்னலுக்கு அனுப்பிவிடலாம் என்று வெங்கட்ரமணன் முடிவு செய்தார். அவசரப்படாத மனுஷர்தான். பதினோரு வருஷம் யாரைத்தான் அவசரப்படவைக்காது?

அந்த லேபிலிருந்து அதுவரை பத்தொன்பது பேப்பர்கள் வெளிவந்திருந்தன. ஒன்றிலும் சுமலதாவின் பெயர் கிடையாது. இரண்டில் மட்டும், 'உதவியவர்களுக்கு நன்றி' என்ற கடைசி வரியில் கும்பலோடு கும்பலாக நின்றிருந்தாள். இந்தத் தடவை வெங்கட்ரமணன் அவளைக் கூப்பிட்டு முதல் பக்கத்தைக் காட்டினார். முதலில் தேஜஸ்வினி, அவருடைய பி.எச்.டி. மாணவி. கடைசியில் அவர். நடுவே, நாலாவதாக, சுமலதா.

"உங்க கை இல்லேன்னா இந்தப் பேப்பரே இல்லை" என்றார்.

அவள் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. அவள் அப்பாவும் லாலாகூடா ஒர்க்‌ஷாப், வீட்டுக்காரர் குமரவேலும் அதே ஒர்க்‌ஷாப். குமரவேல் அந்தத் தாளை பீரோக் கதவில் செல்லோ டேப் போட்டு ஒட்டிவிட்டு, காலனியில் இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டு வந்தார். என்ன பேப்பர் என்று கேட்டவர்களுக்கு, "உலகம் பூரா படிப்பாங்க" என்று ஒரே பதில். மகள் சாஹித்யா இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண்.

"அம்மா, நீ பேரு கூகுள்லோ ஒஸ்துந்தா?"

"வரும்டி" என்றாள் சுமலதா. பெயர் வருவதற்கு இவ்வளவு ஆசை தன்னிடம் இருந்தது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் ஊசி போட்ட குளவிகளை வளர்ப்பது போலவே, ஊசி போடாத குளவிகளையும் வேறு ஓர் அறையில் வளர்க்கவேண்டும். கண்ட்ரோல் என்று பெயர். இரண்டையும் சோதித்து, ஊசி போட்ட வம்சத்தில் ஜீன் இருக்கிறது, போடாத வம்சத்தில் இல்லை என்று காட்டினால்தான் உலகம் நம்பும். அந்த அறை சபீனாவின் பொறுப்பு. சுமலதாவைவிடப் பத்து வயது சின்னவள், சார்மினார் பக்கத்துப் பெண். ஃபைலில் எழுதியிருக்கிறபடி குளவிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாள். ஃபைலில் எழுதாததை அவள் செய்வதில்லை.

ரம்ஜானுக்கு சபீனா எட்டு நாள் லீவு போட்டாள். அந்த எட்டு நாளும் அவளுடைய அறையையும் சுமலதாவே பார்த்துக்கொண்டாள். அங்கே அந்தச் சர்க்கரைத் தண்ணீரைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. 'என் பிள்ளைங்களுக்குத் தேனு, இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணிச்சி' என்று தன் பாட்டிலையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து எல்லா டியூபிலும் கோடு இழுத்தாள். குளவிகள் நன்றாகத்தான் சாப்பிட்டன.

சபீனா திங்கட்கிழமை ஷீர் குர்மா பாயசத்தோடு திரும்பி வந்தாள். பேப்பர் வெள்ளிக்கிழமை போகிறது. அதற்கு முன் கடைசியாக ஒரு நல்ல படம் வேண்டும் என்று வெங்கட்ரமணன் கேட்டிருந்தார். புதன்கிழமை தேஜஸ்வினி கண்ட்ரோல் குளவிகள் ஆறை எடுத்து பி.சி.ஆர். போட்டாள். அரைத்த குளவியிலிருந்து எடுத்ததை மிஷினில் வைத்தால், தேடுகிற ஜீன் துளியூண்டு இருந்தாலும் அது கோடிக்கணக்காகப் பெருகும். பிறகு அதை ஜெல் என்கிற வில்லையில், குளவிக்கு ஒரு லேன் என்று தனித்தனிப் பாதையில் ஓடவிட்டு விளக்கில் பார்த்தால், ஜீன் இருக்கிற லேனில் ஒரு கோடு பளிச்சென்று தெரியும். இல்லாத லேன் காலியாக இருக்கும். கண்ட்ரோலில் ஆறு லேனும் காலியாக இருக்கவேண்டும். ஆறிலும் கோடு இருந்தது.

தேஜஸ்வினிக்கு முகம் வெளுத்துவிட்டது. ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி டவுன்ஷிப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் அதில் எழுதப் படிக்கத் தெரியாது. "சபீனாதான் ஆண்ட்டி! லீவுக்குப் போற அவசரத்துல லேபிள் மாத்தி ஒட்டிட்டுப் போயிருக்கா. ஏன் இப்பிடிப் பண்றாளோ. இத தூக்கிப் போட்டுட்டு ஃப்ரெஷ்ஷா வேற ஆறு எடுத்து நாளைக்கு ரன் பண்றேன்."

சபீனா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் தன் பெயரும் லேபிளும் புரிந்துவிட்டன. "நை அக்கா, நான் மாத்தலை" என்று சுமலதாவிடம்தான் சொன்னாள். அவர்கள் இருவரும் பேசுவது தக்கனி உருதுவில். "லேபிளைத் தொடவே இல்லை, அல்லா சத்தியமா."

"ஹவ், ஆமா, தெரியும். நீ போய் வேலையைப் பாரு" என்றாள் சுமலதா.

அவள் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். சபீனா மாற்றவில்லை என்றால் வேறு என்ன நடந்தது? எட்டு நாளில் அந்த அறைக்குள் புதிதாகப் போனது என்னவென்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே, கை பழக்கத்தில், ஊசி போட்ட குளவி ஒன்றைத் தேன் பிரஷ்ஷால் எடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசி போட்ட ஓட்டையில் எப்போதும் ஒரு சொட்டு நீர் முத்தாக நிற்கும். அன்றைக்கும் நின்றது. குளவியை டியூபில் இறக்கினாள். பிரஷ்ஷை மறுபடி பாட்டிலில் தோய்க்கப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஓட்டையில் நிற்கிற சொட்டில் டி.என்.ஏ. இருக்கிறது. அது பிரஷ்ஷில் ஒட்டுகிறது. பிரஷ் பாட்டிலுக்குப் போகிறது. பாட்டிலிலிருந்து எல்லா டியூபுக்கும் போகிறது. பிள்ளைக்கும் பேரனுக்கும் அதே தேன். அவற்றை அரைத்தால் வயிற்றில் இருக்கிற தேனும் சேர்ந்துதானே அரைபடும்? ஐந்து தலைமுறையாகக் குளவிக்குள் தெரிந்தது ஜீனா, இல்லை அவள் ஊட்டிய தேனா?

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெறும் சந்தேகம்தானே, நாளைக்கு சபீனா கொடுக்கிற ஆறும் அவள் திரும்பி வந்த பிறகு பிறந்தவை, சர்க்கரைத் தண்ணீர் மட்டுமே குடித்தவை, காலியாகத்தான் வரும், தேஜஸ்வினி சந்தோஷப்படுவாள், வெள்ளிக்கிழமை பேப்பர் போய்விடும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சபீனா மேல் ஒரு பழி நிற்கும், அது நாலு நாளில் மறந்துபோகும். இப்படியெல்லாம் சாயங்காலம் மெட்ரோவில் பேகம்பேட் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு கணக்கு ஓடவில்லை.

வியாழக்கிழமை தேஜஸ்வினி மாதிரிகளை மிஷினில் அடுக்கும்போது, சுமலதா ஒரு சின்ன டியூபை ஓரத்தில் வைத்தாள். மேலே தமிழில் 'தேன்' என்று எழுதியிருந்தாள். பாட்டிலிலிருந்து எடுத்த ஒரு பொட்டைத் தண்ணீரில் கரைத்தது. அதில் குளவியின் கால்கூடக் கிடையாது. பதினாலு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு பி.சி.ஆர். போடத் தெரியாதா என்ன?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டறையில் ஜெல்லை விளக்கின் மேல் வைத்தார்கள். கண்ட்ரோல் ஆறும் சுத்தமாகக் காலி. "அப்பாடா!" என்று தேஜஸ்வினி கை தட்டினாள். பிறகு ஓரத்தில் பார்த்தாள். கடைசி லேனில் ஒரு கோடு, இருக்கிற எல்லாவற்றையும்விடத் தடியாக, கண் கூசுகிற மாதிரி.

"இது என்ன ஆண்ட்டி? பாசிட்டிவ் கண்ட்ரோல் போட்டீங்களா? சூப்பரா வந்திருக்கே."

மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஜீன் இருப்பது தெரிந்த ஒன்றையே போடுவதுதான் பாசிட்டிவ் கண்ட்ரோல். ஆமா என்று ஒரு வார்த்தை போதும். அது வாய் வரைக்கும் வந்தது.

"அது குளவி இல்லம்மா" என்றாள் சுமலதா. "தேன். என் பாட்டில் தேன்."

"வாட்?"

"சபீனா லேபிள் மாத்தலை. அவ லீவுல இருந்தப்போ அந்த ரூம் குளவிக்கும் நான்தான் தேன் வச்சேன். இதே பாட்டில், இதே பிரஷ். ஊசி போட்டதத் தொட்ட பிரஷ்."

தேஜஸ்வினி கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நாலரை வருஷத்து வேலை அவளுக்கு. சுமலதா பக்கத்தில் நின்றாள். தொட்டுச் சமாதானம் சொல்ல அவளுக்குக் கை வரவில்லை.

வெங்கட்ரமணன் படத்தை வாங்கிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தவில்லை.

"அந்த பிரஷ்ஷை எத்தனை நாளா இப்படி யூஸ் பண்றேள்?"

"மொதல் நாள்லேந்து சார்."

"மொதல் நாள்லேந்து" என்று அவரும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "கண்ட்ரோலுக்கும் அதே தேனைக் குடுக்கச் சொல்லியிருந்தா ஆறு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுதான் போடணும். காலேஜ் பசங்களுக்கு நான் எடுக்கற மொதல் பாடமே அதான். என் லேப்ல நான் பார்க்கலை." பிறகு, "இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே நீங்க?" என்றார்.

அது பாராட்டா, ஆத்திரமா என்று அவளுக்குப் புரியவில்லை. "சொல்லிட்டேன் சார்" என்றாள்.

"பேப்பர் போகாது. கதவைச் சாத்திண்டு போங்கோ."

ஒருவேளை பாதியாவது நிஜமாக இருக்கலாம் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதையும் பார்த்துவிட்டார்கள். ஐந்து தலைமுறை கண்ட அந்த வம்சத்தை இரண்டு தலைமுறைக்குச் சர்க்கரைத் தண்ணீரிலேயே வளர்த்தார்கள். டியூபுக்கு ஒரு புது பிரஷ். அறுபது குளவிகளைச் சோதித்தார்கள். அறுபதும் காலி. ஜீன் ஒரு குளவிக்குள்ளும் போயிருக்கவில்லை, ஒரு நாளும்.

வீட்டில் குமரவேல்தான் ஆறவே இல்லை. "வாயை மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா சுமா? யாரு வந்து உன் தேனைப் பாக்கப் போறாங்க?"

"அப்புறம் இத நம்பித் தோப்புல வுடுவாங்க" என்றாள். "மருந்தடிச்ச அன்னிக்கே அத்தனையும் செத்துக் கெடக்கும். அந்தப் பேப்பர்ல நாலாவதா என் பேரு இருக்கும். பரவால்லியா?"

சாஹித்யா எழுந்து போய் பீரோக் கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். தாள் வந்துவிட்டது. டேப்போடு கொஞ்சம் பெயின்ட்டும் வந்துவிட்டது. அந்த நாலு மூலைத் தழும்பும் இன்னும் பீரோவில் இருக்கிறது.

தேஜஸ்வினியின் பி.எச்.டி. ஒன்றரை வருஷம் தள்ளிப்போயிற்று. இரண்டு மாசம் வரை அவள் சுமலதாவிடம் குட்மார்னிங்கைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. சுமலதாவுக்கு அது வலித்தது, ஆனால் நியாயம்தான் என்று பட்டது. சபீனா மட்டும் பக்ரீத்துக்கு ஒரு டப்பா நிறைய சேமியா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஊசி போடுவது மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. இப்போது தேன் கிடையாது. ஒரு குளவிக்கு ஒரு காய்ந்த பிரஷ், உடனே குப்பையில். சுமலதாவின் கையிலும் குளவி செத்தது. பத்துக்கு ஆறு, சில நாள் எட்டு. புதுசாகச் சேருகிறவர்களை வெங்கட்ரமணன் அவளிடம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்.

தசரா லீவு முடிந்து வந்த ஒரு மத்தியானம், தேஜஸ்வினி அவளை இருட்டறைக்குக் கூப்பிட்டாள். புது வம்சத்தின் முதல் ஜெல். விளக்கின் பக்கத்தில் அவளுடைய நோட்டு திறந்திருந்தது. எந்த லேனில் என்ன என்று ஆங்கிலத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். பன்னிரண்டாவதுக்கு நேராக 'சுமா' என்றிருந்தது.

சுமலதாவுக்குச் சுருக்கென்றது. "என் தப்புக்கு என் பேரையே வச்சிட்டியாம்மா?"

"தப்புக்கு இல்ல ஆண்ட்டி." தேஜஸ்வினி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "குளவி சாப்பிடறதையும் ஒரு லேன்ல போடணும்னு சார் ரூல் போட்டுட்டார். ஃபீட் கண்ட்ரோல்னு எழுதணும். லேப்ல எல்லாரும் சுமா லேன்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதிட்டேன். தீஸிஸ்லயும் அப்படியேதான் போடப்போறேன். அது காலியா இருந்தாத்தான் மத்தத நம்ப முடியும்."

விளக்கைப் போட்டாள். பதினொரு லேனிலும் ஒரு கோடுகூட இல்லை. இன்னும் ஒரு குளவிக்குள்ளும் ஜீன் போகவில்லை. பன்னிரண்டாவதும் காலியாக, கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

சுமலதா பதினொன்றையும் விட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போட்டோ எடுத்துடட்டுமா?" என்று தேஜஸ்வினி கேட்டாள்.

"எடும்மா" என்று சொல்லிவிட்டு, சுமலதா அடுத்த இருபது குளவிகளை ஐஸ் தட்டில் வைக்கப் போனாள்.